கும்மி அடித்த கிறிஸ்துமஸ் பாட்டு

கிறிஸ்துமஸ் பாட்டுக்கு இசை அமைக்கிறவனுக்கு மட்டும் கிறிஸ்துமஸ் மே மாதமே வந்துவிடும். ஊரே நுங்கு தேடி அலைகிற நாளில் நாங்கள் மாட்டுத் தொழுவத்தையும் நட்சத்திரத்தையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். அப்போது ஆரம்பித்தால்தான் டிசம்பருக்குப் பாட்டு தயாராகும்.

புதுக்கோட்டையில் எங்கள் வீட்டு மாடியில் ஒரு அறை. சுவர் முழுக்க முட்டை அட்டை ஒட்டி, ஜன்னலைக் கம்பளியால் மூடி, அதற்கு ஸ்டுடியோ என்று பெயர் வைத்திருக்கிறேன். இருபத்திரண்டு வருஷமாகக் கீபோர்டு வாசிக்கிறேன். பாஸ்டர்கள், பாடகர் குழுக்கள், தனியாகப் பாட்டு வெளியிடும் சகோதரிகள் என்று யார் பாட்டு எழுதிக்கொண்டு வந்தாலும் அதற்கு இசை சேர்த்துக் கொடுப்பது என் தொழில். அடுத்த வீட்டுக் கல்யாணப் பெண்ணுக்கு ஜடை பின்னிவிடுகிற மாதிரியான வேலை. பெண்ணைப் பார்த்து எல்லோரும் அழகு என்பார்கள், பின்னியது யார் என்று ஒருவரும் கேட்க மாட்டார்கள்.

எனக்கு நாற்பத்தெட்டு வயதாகிறது. நானே எழுதி, நானே மெட்டுப் போட்ட ஒரு பாட்டை, ஒரே ஒரு பாட்டை, ஜனங்கள் வாய்விட்டுப் பாடிக் கேட்டுவிட வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. உங்களிலும் கீபோர்டுக்காரர்கள் இருப்பீர்கள், டிரம்ஸ்காரர்கள் இருப்பீர்கள், அதைவிடப் பாவம், அவர்களைக் கல்யாணம் செய்துகொண்டவர்களும் இருப்பீர்கள். நான் சொல்வது உங்களுக்குப் புரியும்.

கத்திரி வெயிலும் கடுங்குளிரும்

ரெக்கார்டிங் என்றால் முதலில் ஃபேனை நிறுத்த வேண்டும். நிறுத்தாவிட்டால் பாட்டு முழுக்க அதன் சத்தம்தான் கேட்கும். ஏசி போட்டாலும் இதே கதைதான். கதவைச் சாத்தி, ஜன்னலைச் சாத்தி, ஃபேனை நிறுத்திவிட்டு மே மாதத்தில் புதுக்கோட்டை மாடி அறையில் பத்து நிமிஷம் நின்று பாருங்கள். ஆவி பிடிப்பதற்குத் தனியாகத் தண்ணீர் சுட வைக்க வேண்டியதில்லை.

கறம்பக்குடியிலிருந்து ஒரு அக்கா பாட வந்திருந்தார். நல்ல குரல். பாட்டோ பெத்லகேமின் குளிரைப் பற்றியது. முதல் சரணத்தில் பனி கொட்டுகிறது, இரண்டாவதில் ஊதைக்காற்று வீசுகிறது, மூன்றாவதில் பாலகன் நடுங்குகிறார். அக்காவுக்கு நெற்றியிலிருந்து வழிந்த வியர்வை பாட்டு எழுதிய தாளில் சொட்டி, எழுத்தெல்லாம் கரைய ஆரம்பித்தது. நான் கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டு, "அக்கா, இன்னும் கொஞ்சம் குளிர்ற மாதிரி பாடுங்க" என்றேன். அவர் ஹெட்போனைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"நடுங்குற கொழந்தையப் போத்துறதுக்கு ஆளு இருக்கு மாஸ்டர். எனக்கு விசிற ஒரு ஆளு இருக்கா?"

பதினான்கு சரணம்

எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த ஒரு சங்கடம் உண்டு. பாட்டு கொண்டு வருகிறவர், "இது நான் எழுதுனதில்ல, கர்த்தர் குடுத்தது" என்று சொல்லித்தான் தாளை நீட்டுவார். அதற்கப்புறம் ஒரு எழுத்தைத் தொட முடியாது. மெட்டுக்குள் அடங்காத வரியைச் சுருக்கச் சொன்னால், நாம் யாரைத் திருத்துகிறோம் என்ற கேள்வி வந்துவிடும்.

ஒரு கிராமத்துப் பாஸ்டர் அப்படிப் பதினான்கு சரணம் கொண்டு வந்தார். ஆதாமில் ஆரம்பித்து ஏரோது மன்னன் வழியாக மறுபடி ஆதாமுக்கே போய்ச் சேருகிற பாட்டு. நான் தயங்கித் தயங்கி, "நாலு சரணம் போதும் ஐயா, ஜனங்க தாங்க மாட்டாங்க" என்றேன். அவர் கோபப்படவில்லை. தாளை மெதுவாக மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

"குடுத்தது பதினாலு. நீங்க நாலு போதுங்கிறீங்க. மிச்சம் பத்த என்ன செய்யட்டும் மாஸ்டர், வேணாம்னு திருப்பி அனுப்பவா?"

மினி பஸ்ஸில் வந்தது

என் பாட்டை யார் கொடுத்தது என்று நான் சொல்லிக்கொள்ளப் போவதில்லை. வந்த இடம் மட்டும் தெரியும். வல்லத்திராக்கோட்டையிலிருந்து புதுக்கோட்டை வருகிற மினி பஸ்.

என்னோடு டோலக் வாசிக்கும் கணேசனுக்கு வல்லத்திராக்கோட்டைதான் ஊர். கடலை போடுவார், உளுந்து போடுவார், ஆடியில் அம்மன் கோயில் திருவிழாவுக்கு வாசிப்பார், டிசம்பரில் எங்களோடு இயேசு பிறப்புக்கு வாசிப்பார். இரண்டுக்கும் ஒரே டோலக்தான், ஒரே பக்திதான். ஒருநாள் அவரைப் பார்க்கப் போய், இரண்டு பேருமாகப் புதுக்கோட்டைக்குக் கிளம்பினோம். நூறு நாள் வேலை முடிந்து வந்த பெண்களால் பஸ் நிரம்பியிருந்தது. வழியில் நிறைமாதமாய் ஒரு பெண் ஏறினாள். பிடித்துக்கொள்ளக் கம்பியில்கூட இடமில்லை. அவள் வாய் திறப்பதற்குள் மூன்று சீட்டிலிருந்து மூன்று பெண்கள் ஒரே நேரத்தில் நகர்ந்து, "இங்கிட்டு வா தாயி, எடமிருக்கு" என்றார்கள். ஒருத்தி, "எங்கிட்டும் அலையாத, என் மடியில வேணாலும் உக்காரு" என்றாள். பஸ்ஸே சிரித்தது. எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. பெத்லகேமில் அன்றைக்கு இந்தப் பெண்கள் இருந்திருந்தால், நிறைமாத மரியாள் தங்க இடம் கிடைக்காமல் தொழுவத்துக்குப் போயிருக்கவே மாட்டாளே என்று தோன்றியது.

புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டு வருவதற்குள் பல்லவி வந்துவிட்டது.

"எங்க வீட்டுல எடமிருக்கு மரியம்மா – நீ
எங்கிட்டும் அலையாம வந்திரம்மா
வெந்நி வச்சுத் தாரோம், வெளக்கேத்தித் தாரோம்
விடியும்வரை கண்ணசந்து தூங்கிடம்மா"

முன் சீட்டுக் கம்பியில் தட்டிக்கொண்டே மெதுவாகப் பாடிக் காட்டினேன். கணேசன் மடியிலிருந்த டோலக் பையின் மேல் விரலை ஓட்டினார். கும்மித் தாளம் கச்சிதமாய் உட்கார்ந்தது. இரண்டு தடவை வாசித்துவிட்டுக் கையை எடுத்தார்.

"மாஸ்டர், எல்லாப் பாட்டையும் எல்லாருக்கும் குடுத்துட்டீங்க. இத மட்டும் யாருக்கும் குடுத்துராதீங்க."

ஜெயசீலி டீச்சர்

எங்கள் சபைப் பாடகர் குழுவின் தலைவி ஜெயசீலி டீச்சர். கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். குழுவில் பாடுகிற பாதிப் பேருக்கு வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்தவர் அவர்தான். அதனால் அவர் குச்சி இல்லாமல் நின்றாலும் அவர்கள் கண்ணுக்குக் குச்சி தெரியும். நான்கு குரல் பிரித்து, ஆளுக்கொரு ஃபைல் கொடுத்து, சுருதி பிசகாமல் பாட வைப்பார். கிறிஸ்துமஸ் ஆராதனையில் எந்தப் பாட்டு என்பது அவர் முடிவு. பாஸ்டரய்யாவே அவரிடம் கேட்டுவிட்டுத்தான் பாட்டு எண்ணை அறிவிப்பார்.

பாட்டுத் தேர்வு அன்று என் பாட்டைக் கீபோர்டில் வாசித்துப் பாடினேன். முதல் வரியை இரண்டு தடவை ஆரம்பித்தேன் என்று சொல்ல வெட்கமில்லை. ஆயிரம் மேடை ஏறியவன்தான், ஆனால் அதெல்லாம் அடுத்தவர் பாட்டு. பல்லவி முடிவதற்குள் பின்வரிசையில் இருவர் தலையாட்டத் தொடங்கிவிட்டார்கள். டீச்சர் திரும்பிப் பார்த்தார். தலைகள் நின்றன. அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"பாட்டு நல்லாத்தான் இருக்கு மாஸ்டர். ஆனா நாப்பது வருஷமா இவங்கள ஆடாம நிக்க வைக்கிறதுக்குத்தான் நான் பாடுபட்டுக்கிட்டு இருக்கேன்."

நாலு கட்டை ஏறிய ஞாயிற்றுக்கிழமை

கீபோர்டுக்காரர்களே, இதைப் படிக்கும்போது நீங்கள் மட்டும் ஒரு நிமிஷம் தலையில் கை வைத்துக்கொள்வீர்கள். கீபோர்டில் ஒரு பட்டன் உண்டு. அழுத்தினால், விரல் வழக்கமான இடத்திலேயே இருக்கும், சத்தம் மட்டும் மேலே ஏறும், அல்லது கீழே இறங்கும். எந்தக் குரலுக்கும் கை மாற்றாமல் வாசித்துவிடலாம். வாசித்து முடித்ததும் பழைய இடத்துக்குக் கொண்டு வந்துவிட வேண்டும் என்பது ஒன்றே நிபந்தனை.

சனிக்கிழமை சாயங்காலம் ஆளில்லாத எங்கள் சபைக் கோயிலில் என் மனைவி ஸ்டெல்லாவின் குரலுக்கு என் பாட்டை வாசித்துப் பார்த்தேன். அவள் குரல் மேலே நிற்கும். பட்டனை அழுத்தி நாலு கட்டை ஏற்றினேன். ஆசை தீர ஏழெட்டுத் தடவை பாடினாள். சந்தோஷத்தில் கீபோர்டை அப்படியே அணைத்துவிட்டு வந்துவிட்டேன். எங்கள் கோயில் கீபோர்டு கடைசியாக வைத்த இடத்தை மறக்காத ஜாதி.

ஞாயிறு காலை முதல் பாட்டு. எல்லோரும் எழுந்து நின்றார்கள், நான் ஆரம்பித்தேன். முதல் வரியிலேயே ஆண்கள் பக்கம் இருமல் கேட்டது. இரண்டாவது வரியில் டீச்சரின் சோப்ரானோக்கள், அதாவது மேல்குரல் பாடும் பெண்கள், நுனிக்காலில் எழும்பினார்கள். நடுவில் பட்டனைத் தொட்டால் இன்னும் அசிங்கமாகும் என்று பயந்து முழுப் பாட்டையும் அப்படியே ஓட்டினேன். ஐந்து சரணம். கடைசிச் சரணத்தில் டீச்சர் மட்டுமே பாடிக்கொண்டிருந்தார். விட்டுக்கொடுக்கிற பரம்பரை இல்லை. ஆராதனை முடிந்ததும் நேராக என்னிடம் வந்தார். குரல் கம்மியிருந்தது.

"பரலோகத்துக்குப் போகணும்னு ஆசைதான் மாஸ்டர். அதுக்காக இன்னைக்கேவா?"

எத்தனை பேர் கேட்டார்கள்

அந்த ஞாயிற்றுக்குப் பிறகு டீச்சரிடம் என் பாட்டைப் பற்றி வாயெடுக்க எனக்கு முகமில்லை. பாஸ்டரய்யா இரக்கப்பட்டு, சபையின் யூடியூப் சேனலில் கிறிஸ்துமஸ் பாட்டுகள் ஏற்றும்போது கடைசியாக அதையும் போட்டுவிடலாம் என்றார். நானும் ஸ்டெல்லாவும் பாட, கணேசன் டோலக் வாசிக்க, மாடி அறையில் பதிவு செய்தோம். டிசம்பர் பிறந்ததும் பாட்டு வெளியானது. பனி கொட்டிய அக்கா பாட்டு ஊர் ஊராய்ப் போனது. அதற்கும் நான்தான் இசை. என் பாட்டைப் பார்த்தவர்களை அந்த மினி பஸ்ஸிலேயே ஏற்றி, பாதி சீட்டைக் காலியாகவும் விட்டிருக்கலாம்.

காலையில் எழுந்ததும் பார்ப்பேன், டீ குடித்துவிட்டுப் பார்ப்பேன், எண்ணிக்கை அசையாது. ஒருநாள் வாய்விட்டே சொல்லிவிட்டேன், "இனிமே நான் பாட்டு எழுதல ஸ்டெல்லா. அடுத்தவங்களுக்கு வாசிச்சுட்டுக் கெடக்குறேன்." அவள் தோசைக்கல்லை விட்டுத் திரும்பவில்லை. ஆறுதல் சொல்வாள் என்று நின்றுகொண்டிருந்தேன்.

"நானே ஒம்பது தடவ பாத்திருக்கேன். அதையும் கழிச்சுட்டுக் கவலப்படுங்க."

கரண்டு போன சாயங்காலம்

கறம்பக்குடியில் சுற்றுவட்டாரச் சபைகள் எல்லாம் சேர்ந்து நடத்தும் கிறிஸ்துமஸ் விழா. திறந்த மைதானம், சாமியானா, சீரியல் பல்பு, வரிசையாய் நாற்காலி. கடைவீதி ஜனங்களும் வேடிக்கை பார்க்க வந்து ஓரங்களில் நின்றிருந்தார்கள். எங்கள் பாடகர் குழு வெள்ளைச் சேலையும் வெள்ளைச் சட்டையுமாய் ஃபைல்களோடு மேடையேறியது. நான் கீபோர்டில் கை வைத்தேன். கரண்டு போய்விட்டது.

மழை தூறி எங்கோ கம்பி அறுந்ததாம். ஜெனரேட்டரைக் கிளப்பினார்கள். அது ஒருமுறை இருமிவிட்டுப் படுத்துக்கொண்டது. மைக் இல்லை, ஸ்பீக்கர் இல்லை, என் கீபோர்டு வெறும் பலகை. இன்னும் இருட்டவில்லை, அதனால் எல்லோர் முகமும் தெரிந்தது, எல்லோரும் எங்களையே பார்த்தார்கள். சுருதி இல்லாமல் நான்கு குரலையும் எப்படி எடுப்பது என்று டீச்சர் என்னைப் பார்த்தார். நான் செத்துப்போன கீபோர்டைப் பார்த்தேன். ஐந்து நிமிஷம் போனது. பின்வரிசையில் நாற்காலி நகர்கிற சத்தம் கேட்க ஆரம்பித்தது. இரண்டு குடும்பம் எழுந்தே போய்விட்டது. அப்போது கணேசன், யாரையும் கேட்காமல், டோலக்கை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டு கும்மித் தாளத்தைத் தட்டினார். அது எந்தப் பாட்டுக்கான தாளம் என்று உடனே பிடிபட்டது, அதைப் பதிவு செய்த எங்கள் மூன்று பேருக்குத்தான். ஒருவர் அவர், ஒருவன் நான். மூன்றாவது ஆள் பெண்கள் பக்கம் நாற்காலியிலிருந்து எழுந்தாள். ஸ்டெல்லாவுக்கு மைக் எப்போதுமே தேவைப்பட்டதில்லை. "எங்க வீட்டுல எடமிருக்கு மரியம்மா" என்று எடுத்தாள் பாருங்கள், கடைவீதி வரைக்கும் கேட்டிருக்கும்.

இரண்டாம் தடவை பல்லவி வரும்போது கைதட்டல் சேர்ந்தது. மூன்றாம் தடவை வேடிக்கை பார்த்து நின்ற பூக்காரப் பெண் ஒருத்தி கூடையை இறக்கி வைத்துவிட்டு உள்ளே வந்தாள். அவளுக்கு வார்த்தை தெரியாது, தாளம் தெரியும். அவள் குனிந்து நிமிர்ந்து கைதட்டியதைப் பார்த்து நாலு பேர் எழுந்தார்கள், அப்புறம் பத்து, அப்புறம் நான் எண்ணவில்லை. நாற்காலிகளை அவர்களே தூக்கி ஓரம் போட்டார்கள். வட்டத்துக்குள் வட்டமாய்க் கும்மி சுற்றியது. நெற்றியில் குங்குமம் வைத்த பெண்களும் வைக்காத பெண்களும் மரியாளைத் தங்கள் தங்கள் வீட்டுக்குக் கூப்பிட்டார்கள். எனக்கு வேலையே இல்லை. என் வாழ்க்கையில் முதல்முறையாக மேடையில் சும்மா உட்கார்ந்து பாட்டுக் கேட்டேன். அழுதேன், அதை மறைக்கவும் இல்லை. திரும்பிப் பார்த்தால், ஃபைலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஜெயசீலி டீச்சர் கைதட்டிக்கொண்டிருந்தார். அவருடைய சோப்ரானோக்கள் அதைப் பார்த்த மறுநிமிஷம் மேடையை விட்டு இறங்கி வட்டத்தில் கலந்துவிட்டார்கள். பாட்டு முடிந்ததும் டீச்சர் என் பக்கம் குனிந்தார்.

"இத்தன வருஷத்துல இன்னைக்குத்தான் மாஸ்டர் ஒங்க இசை ரொம்ப நல்லா இருந்துச்சு. ஒரு கட்டையக்கூடத் தொடல பாருங்க."

தாத்தா ஓரம் போனார்

மறுவாரம் கேரல் ரவுண்ட்ஸ். வீடு வீடாய்ப் போய் இரண்டு பாட்டுப் பாடி, ஜெபம் செய்து, கொடுக்கிற கேக்கைத் தின்றுவிட்டு அடுத்த வீடு போவது எங்கள் வழக்கம். எங்கள் கிறிஸ்துமஸ் தாத்தா மின்சார வாரியத்தில் வேலை பார்க்கிற நல்ல ஆட்டக்காரர். முகமூடியும் தாடியும் சிவப்பு அங்கியுமாய் அவர் இறங்கினால் தெருவே அவரைத்தான் பார்க்கும். பாட்டுக்காரர்களை யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள்.

அந்த வருஷம் முதல் தெருவிலேயே ஆட்டம் மாறியது. எதிர்வரிசையில் ஒரு டீக்கடை அம்மா, எங்கள் சபையைச் சேராதவர், கடையை விட்டு இறங்கி வந்து எங்கள் வேனை மறித்தார். "கறம்பக்குடியில பாடுனீகளாமே, அந்த எடமிருக்கு பாட்டு, அத எங்க வாசல்லயும் பாடிட்டுப் போங்க" என்றார். அவர் அக்கா கறம்பக்குடியில் வாக்கப்பட்டவராம். பாடினோம். தெருவுக்குக் குறுக்கே கும்மி கட்டிவிட்டார்கள். நடுவில் எங்கள் தாத்தா மணியை ஆட்டிக்கொண்டு தன் வழக்கமான நடனத்தை ஆரம்பித்தார். டீக்கடை அம்மா கும்மியை நிறுத்தாமலே என்னிடம் குரல் கொடுத்தார்.

"அந்தச் செவப்புச் சட்டைக்காரர அங்கிட்டு நிக்கச் சொல்லுங்கய்யா, கை வீச எடம் பத்தல!"

பொன்னமராவதியில் ஒரு குறை

அதற்கடுத்த டிசம்பரில் பொன்னமராவதிப் பக்கத்து மாதா கோயில் ஒன்றில் கிறிஸ்துமஸ் நிகழ்ச்சிக்கு வாசிக்கக் கூப்பிட்டார்கள். யாரோ ஒருவருக்கு வரமுடியாமல் போய், யாரோ ஒருவர் என் நம்பரைக் கொடுத்திருந்தார். என்னை அங்கே யாருக்கும் தெரியாது. மத்தியானமே போய்ச் சேர்ந்தேன். கோயில் முற்றத்தில் பெண்கள் கும்மி ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார்கள். கேட்டைத் தாண்டும்போதே என் கால் நின்றுவிட்டது. என் பாட்டு.

நான் போகாத ஊரில், என்னைத் தெரியாத வாயில், என் பாட்டு. அந்த நிமிஷத்தில் எனக்குள் ஓடியதை எழுத முயன்றால் அசடு வழியும், ஆனாலும் சொல்கிறேன், நான் கெத்தாக நடந்து உள்ளே போனேன். முன்னால் நின்று நடத்திய அம்மா, பெயர் அருள்மேரி, "வாங்க மாஸ்டர், இந்தப் பாட்டு தெரியுமா?" என்றார். "கொஞ்சம் தெரியும்" என்றேன். கீபோர்டை விரித்து வாசித்துப் பாடினேன். "வந்திரம்மா" என்று இறக்கி முடித்தேன். பெண்கள் கும்மியை நிறுத்திவிட்டார்கள். அருள்மேரி அம்மா பொறுமையாக, "அப்படி இல்லீங்க மாஸ்டர், அந்த எடத்துல மேல ஏத்தணும், எறக்குனா வர வேணாம்ங்கிற மாதிரி ஆயிரும்ல" என்று பாடிக் காட்டினார். ஏற்றிப் பார்த்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், அதுதான் நன்றாக இருந்தது.

அடுத்து ஒரு சரணம் பாடினார்கள். அதை நான் எழுதவே இல்லை.

"பூண்டுக் கொழம்பு வச்சுத் தாரோம், பொழுதோட தாரோம்
புள்ளையத் தூக்கிக்கிட நாங்க இருக்கோம்
சூசையப்பர் வாசலோட காவல் நிக்கட்டும் – நீ
சோர்வு தீரச் சாஞ்சுக்கம்மா மரியம்மா"

மெட்டுக்குள் மணி மணியாய் உட்கார்ந்திருந்தது. "இது யாரு எழுதுனது?" என்று கேட்டேன். "இந்தச் சரணம் நாங்களே போட்டதுங்க. மித்தது எங்கிட்டிருந்து வந்துச்சோ தெரியல, எங்க நாத்தனா போன்ல பாடிக் காட்டுனா" என்றார் அருள்மேரி அம்மா. "ஏன், பழைய பாட்டுல என்ன குறை?" என்றேன். சுற்றி நின்ற பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். அருள்மேரி அம்மா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டார்.

"புள்ள பெக்கப் போறவள வெறும் வெந்நியோட விட்டுட்டான் மாஸ்டர், அந்தப் பாட்ட எழுதுனவன் ஆம்பளையாத்தான் இருக்கணும்."

எழுதியவனை எதிரிலேயே நிற்க வைத்துக்கொண்டு அவனைத் திட்டுகிறார்கள் என்றால் பாட்டு ஊருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது என்று அர்த்தம் நண்பர்களே, இருபத்திரண்டு வருஷம் காத்திருந்து எனக்கு அந்தத் திட்டு கிடைத்துவிட்டது.